மஞ்சளாகாத புள்ளி

இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் கண்ணாடிக்கடைக்காரியின் கணவர் தினமும் காலையில் ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். உயிரோடு இருந்தபோது காட்டிய ஒழுங்கில் இம்மியும் குறையவில்லை. இதைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்தால் என்ன ஆகும்? பாவம், புருஷன் போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று உச்சுக்கொட்டுவார்கள். எனக்குத் தெரிந்த நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கிறார் என்பார்கள். ஆளுக்கொரு யோசனையைச் சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேருவார்கள்.

விஷயம் இதுதான். மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் பின்னாலேயே வீடு. சாப்பாட்டு மேஜையில் ஒரு டேப்லெட் சாய்த்து வைத்திருக்கும். அதில் அவருடைய அலுவலகத்துச் செயலி. அவர் பெயருக்குப் பக்கத்தில் மிளகளவு ஒரு புள்ளி. வேலை செய்துகொண்டிருந்தால் பச்சை. கொஞ்ச நேரம் கை சும்மா இருந்தால் மஞ்சள். மூடிவிட்டுக் கிளம்பினால் சாம்பல் நிறம். ஒரு கல்யாண நாளன்றுதான் அவர் இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தார். "நான் என்ன பண்றேன்னு உனக்கு எப்பவும் தெரியும் பாரு" என்று பெருமை வேறு. மற்ற புருஷன்மார்கள் நகை வாங்கிக் கொடுப்பார்கள், துணி வாங்கிக் கொடுப்பார்கள். இந்த மகராசன் புள்ளி வாங்கிக் கொடுத்தார்!

அந்தப் புள்ளிதான் இப்போதும் காலையில் பச்சையாகிறது. நாள் முழுக்கப் பச்சையாகவே நிற்கிறது. சாயங்காலம் அணைகிறது. மறுநாள் மறுபடியும்.

அவர் வேலை என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு கம்பெனிக்கு வரும் புகார்களுக்குப் பதில் எழுதுவது. சலவை இயந்திரம் ஆடுகிறது, ஃபிரிட்ஜ் குளிரவில்லை, மிக்ஸி கத்துகிறது. ஊரில் இருக்கும் ஃபிரிட்ஜுக்கெல்லாம் ஆறுதல் சொல்லத் தெரிந்த மனுஷருக்குச் சொந்தப் பெண்டாட்டியிடம் உட்கார்ந்து பேச நேரமில்லை என்பதுதான் அவளுடைய வயிற்றெரிச்சல். அலுவலகத்தில் எல்லாரும் சின்னஞ்சிறுசுகள். நாற்பதைத் தாண்டியவர் இவர் ஒருவர்தான் என்பதால் 'பெரியப்பா' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அதிலும் அவருக்கு ஒரு பெருமை.

அவள் மனதை அரித்தது புள்ளி மட்டுமல்ல. அந்தக் கடைசி நாள்.

அவளுக்கு மார்பில் ஒரு கட்டி. ஊசி குத்தித் திசுவைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வாங்கும் நாளில் கூட வருகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அன்று காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "இன்னைக்கு ரெண்டு பேர் லீவாம். நாளைக்குப் போலாமா?" என்றார்.

"நாளைக்கா? ராத்திரியெல்லாம் கண்ணு மூடல எனக்கு. உங்களுக்கு நாளைக்கா?"

"புரிஞ்சுக்கோம்மா. மஞ்சள் விழுந்தா மொத்த டீமுக்கும் திட்டு விழும்."

"உங்க டீமுக்குத் திட்டு விழும். எனக்கு என்ன விழும்னு தெரியுமா? போங்க. அங்கயே போய்க் கிடங்க. வீட்டுக்கு வரவே வராதீங்க!"

அவர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லாத வீடு எது? சாயங்காலம் அவர் ஏதாவது அசட்டுத்தனமாகப் பேசுவார், இவள் உர்ரென்று இருந்துவிட்டுச் சிரித்துவிடுவாள். அப்படித்தான் எத்தனையோ சண்டை தீர்ந்திருக்கிறது.

மருத்துவமனைக்கு அவள் தனியாகத்தான் போனாள். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "வெறும் கொழுப்புக் கட்டிதாம்மா. பயப்பட ஒண்ணும் இல்ல" என்று சொன்னதும், காலையில் போட்ட சண்டையெல்லாம் காற்றாகப் பறந்துவிட்டது. வாசலுக்கு வருவதற்குள் அவருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. பஸ்ஸில் போட்டாள். எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து டேப்லெட்டைப் பார்த்தாள். பச்சை. மறுபடி அடித்தாள். மறுபடியும். புள்ளி பச்சையாகவே கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தது. இருக்கிறார், வேலை பார்க்கிறார், போன் அடிப்பதைப் பார்க்கிறார், எடுக்கத்தான் மனசு வரவில்லை. அப்படி என்ன வீம்பு? பெண்டாட்டிக்கு என்ன ஆச்சோ என்றாவது கேட்க வேண்டாமா? சந்தோஷமாகச் சொல்ல வந்த சேதி தொண்டையிலேயே புளித்துப்போயிற்று. கடைசியில், 'நீங்களா கேக்கற வரைக்கும் சொல்ல மாட்டேன்' என்று போனில் எழுதி அனுப்பினாள்.

சாயங்காலம் வந்த போன் மேனேஜருடையது.

வேலையை முடித்துவிட்டுக் கொஞ்சம் படுக்கலாம் என்று அமைதி அறைக்குப் போயிருக்கிறார், அங்கேயே போய்விட்டார், மாரடைப்பு என்றார். கடைசி நிமிஷம் வரைக்கும் உழைத்த மனிதர் மேடம், சாயங்காலம் வரை பச்சையாகவே இருந்தார் என்று மேனேஜர் தழுதழுத்தார். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். அது அவள் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. அப்படியென்றால் மதியம் முழுக்க என் போனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என்மேல் கோபத்தோடுதான் போயிருக்கிறார். வராதீங்க என்றேன், வரவில்லை.

அழுகையைக் கூட அந்த நினைப்பு நடுவில் வந்து நிறுத்திவிடும். மூக்குக் கண்ணாடிக்குச் சட்டம் மாட்டும்போது வரும், மகளுக்குத் தலை வாரும்போது வரும். செத்தவரிடம் சமாதானம் பேச ஏது வழி என்று அவள் மருகிக்கொண்டிருந்தபோதுதான், விடுமுறையில் இருந்த மகள் ஒருநாள் காலையில் மேஜையிலிருந்து கத்தினாள்: "அம்மா, அப்பா வந்துட்டாரு!"

ஓடி வந்து பார்த்தாள். பச்சை.

ஏதோ இயந்திரக் கோளாறு என்று முதல் நாள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். அடுத்தடுத்த நாட்களில் அந்தச் சமாதானம் எடுபடவில்லை. கோளாறு என்றால் அலுவலக நேரத்துக்குச் சரியாகப் பச்சையாகுமா? வேலை முடிகிற நேரத்துக்கு அணையுமா? ஏழு வயது மகள் அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. பல் விளக்கியதும் நேரே மேஜைக்கு வந்து, "குட் மார்னிங்ப்பா" என்று புள்ளிக்குச் சொல்லிவிட்டுப் போனாள். நிறுத்துடி என்று அதட்ட அவளுக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பச்சை அணைந்துவிடுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. அவளும்தான் காலையில் கடை திறக்குமுன் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு மதியம் கடையில் ஆள் இல்லை. துணிந்து அந்தச் செயலியில் அவர் பெயருக்கே எழுதினாள்: 'கோபமா?'

அனுப்பிய கையோடு கீழே சின்ன எழுத்தில் வந்தது: 'பார்த்தார்.'

கண்ணெடுக்காமல் காத்திருந்தாள். பதில் வரவில்லை. மறுநாள், 'நான் சொன்னது மனசுல வெச்சுக்காதீங்க' என்று எழுதினாள். பார்த்தார். 'ஒரு வார்த்தை பேசுங்க' என்றாள். பார்த்தார். அடப்பாவி மனுஷா, உயிரோடு இருந்தபோதும் இதே வீம்பு, போன பிறகும் இதே வீம்பா? ஆத்திரமும் ஆசையும் ஒன்றாகப் பொங்கின. வாடிக்கையாளர் ஒருவருக்கு இடது கண் லென்ஸை வலது கண்ணுக்குப் போட்டுக் கொடுத்ததில், அவர் வாசற்படியில் தடுக்கி விழப் பார்த்தார்.

அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தவள் சும்மா இருக்க மாட்டாமல், 'நீங்க என்னை மன்னிக்கவே மாட்டீங்களா?' என்று எழுதினாள். பார்த்தார். அதற்குக் கீழே, இதுவரை வராத ஒன்று வந்தது.

'எழுதிக்கொண்டிருக்கிறார்...'

மூன்று புள்ளிகளும் துடித்தன. நின்றன. மறுபடி துடித்தன. மகள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அப்பா என்ன எழுதறாரு?" என்றாள். துடிப்பு நின்றது. அவ்வளவுதான். எதுவும் வரவில்லை.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. மாடி வீட்டு அத்தையைக் கூப்பிட்டு மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கடைக் கதவை இழுத்துச் சாத்தினாள். போட்டது போட்டபடி அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

வாசல் காவலாளிக்கு அவளை அடையாளம் தெரிந்தது. "பெரியப்பா வீட்டம்மாதானே?" என்று எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார். உள்ளே சுவரெல்லாம் பெரிய பெரிய படங்கள். ஒரு பெண் கண்ணை மூடி மூச்சு விடுகிறாள், ஒரு குடும்பம் புல்வெளியில் ஓடுகிறது, 'உங்கள் நலமே எங்கள் பலம்' என்று கீழே எழுத்து. அவர் போன மறுவாரமே ஊழியர் நல வாரம் என்று ஒன்று கொண்டாடி ஆளுக்கொரு ரப்பர் பந்து கொடுத்தார்களாம், பதற்றம் வந்தால் பிசைந்துகொள்ள. நல்ல மனசுதான், போங்கள்!

கூடத்தில் வரிசை வரிசையாக மேஜைகள். யாரும் நிமிரவில்லை. எதிர்ச் சுவரில் ஒரு பெரிய திரை. அதில் எல்லார் பெயரும், எல்லார் புள்ளியும். அவர் பெயரும் இருந்தது. பச்சை.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். டீ கோப்பையோடு நடந்துவந்த ஒருவன், ஆளில்லாத ஒரு மேஜையைக் கடக்கும்போது, திரும்பிக்கூடப் பார்க்காமல், போகிற போக்கில் அங்கிருந்த மவுஸை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போனான். கொஞ்சம் கழித்து இன்னொருத்தி தண்ணீர் பிடிக்கப் போனாள். அவளும் அதே மேஜையில் ஓர் ஆட்டு. வாசலில் கிடக்கும் செருப்பைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போவதைப்போல அவ்வளவு பழக்கமாக இருந்தது அது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அவர் மேஜை அதுவல்ல, மூலையில் இருந்தது. பக்கத்து மேஜைக்காரி, அவர் வீட்டில் அடிக்கடி 'சுருட்டை' என்று சொல்லும் பெண். சுருட்டை முடி, சோர்ந்த முகம். வலது கை அவளுடைய மவுஸில். இடது கை எட்டி அவருடைய மவுஸில். அவர் திரையில் இவள் கடைசியாக அனுப்பிய கேள்வி திறந்தே கிடந்தது.

"நீயா?" என்றாள் கண்ணாடிக்கடைக்காரி.

சுருட்டை திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா..."

"இத்தனை நாளா நீயா படிச்சே? நான் அவர்கிட்ட கேட்டதையெல்லாம்?"

"நான்தான்க்கா. அவர் கணக்கை மூடினா டீம்ல ஒரு ஆள் குறைஞ்சுடும், மேல கேப்பாங்க, கொஞ்ச நாள் அப்படியே ஓட்டுன்னுட்டார் மேனேஜர். அவர் வேலையையும் நான்தான் பாக்கறேன். உங்க மெசேஜ் தானா வந்து திறந்துக்குதுக்கா. நான் என்ன பண்ணட்டும்?"

"இன்னைக்கு ஏதோ எழுத வந்தியே. என்ன எழுத வந்தே?"

சுருட்டை கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அவர் உங்க போனைப் பாக்கவே இல்லக்கான்னு."

கண்ணாடிக்கடைக்காரி அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "பொய் சொல்லாத. சாயங்காலம் வரைக்கும் பச்சையா இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"அது நாங்கக்கா."

பிறகு அவள் சொன்னாள், திக்கித் திக்கி. அமைதி அறையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படுக்கலாம் என்றுதான் கம்பெனி சொல்கிறது. சாய்வு நாற்காலி உண்டு, மங்கல் விளக்கு உண்டு. ஆனால் படுத்தால் புள்ளி மஞ்சளாகும். மஞ்சளானால் மேனேஜருக்கு மணி அடிக்கும். அதனால் இங்கே ஒரு வழக்கம். யாராவது கண்ணசரப் போனால் மற்றவர்கள் மாற்றி மாற்றி அவர் மவுஸை ஆட்டிவிட வேண்டும். அதற்குத் தாலாட்டு என்று பெயர். பெயர் வைத்ததே பெரியப்பாதான். சுருட்டையின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சுருட்டை தினமும் மதியம் ஓடிப்போய் ஓடி வர, அவர்தான் சலிக்காமல் தாலாட்டுப் போட்டவர்.

"அன்னைக்குச் சாப்பாட்டைப் பாதில மூடிட்டார். ஒரு மாதிரியா இருக்கு, கொஞ்சம் சாயறேன், பாத்துக்கோன்னார். நல்லாத் தூங்கட்டும்னு நாங்க ஆட்டிக்கிட்டே இருந்தோம்க்கா. போன் மேஜைலதான் இருந்துச்சு. அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நீங்கதான்னு தெரியும். தூக்கம் கெட வேண்டாமேன்னு நான்தான்..." அவளால் முடிக்க முடியவில்லை. "நான்தான் எடுத்து டிராயர்ல வெச்சேன். பச்சையா இருந்ததால யாரும் தேடலக்கா. விளக்கணைக்கப் போனவர்தான் பாத்தார். அப்பவே உடம்பு சில்லுன்னு ஆகியிருந்துச்சாம்."

கூடத்தில் விசைப்பலகைச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தது. எல்லாருக்கும் தெரியும். இத்தனை நாளும் எல்லாருக்கும் தெரியும்.

அறையலாம் போல இருந்தது அவளுக்கு. ஆனால் முதலில் வந்தது கோபம் அல்ல, நிம்மதி. வெட்கங்கெட்ட நிம்மதி. அவர் என்னை ஒதுக்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு எடுக்காமல் இருக்கவில்லை. "கோபமா இருந்தாரா? ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

சுருட்டை பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தெரியலக்கா. கோபமா இருந்த மாதிரி இல்ல. முகம் வாடிக் கிடந்துச்சு. உங்களுக்கு ஏதோ ரிசல்ட் வரணும், என்னன்னு வந்துச்சோ தெரியல, போன் பண்ணவே பயமா இருக்குன்னார். அதான் கடைசியாப் பேசினது."

அந்த நிம்மதி கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. அப்படியானால் அவருக்குத் தெரியவே தெரியாது! கட்டி ஒன்றுமில்லை என்று ஊரில் பஸ் கண்டக்டர் வரைக்கும் சொல்லிவிட்டாள், அவருக்குத் தெரியாது. பெண்டாட்டி பிழைப்பாளோ மாட்டாளோ என்று அந்த மங்கல் வெளிச்சத்தில் தனியாகக் கிடந்து பயந்துகொண்டே போயிருக்கிறார். இத்தனை நாள் அவர் கோபத்தைச் சுமந்தாள். இனிமேல் சுமக்கப்போவது அவருடைய பயத்தை. இதற்கு அந்தக் கோபமே தேவலாம் போலிருந்தது.

மேனேஜர் அரக்கப்பரக்க வந்தார். "மேடம், வாங்க, என் ரூம்ல உக்காந்து பேசலாம். நம்ம கவுன்சிலர் இருக்காங்க, அவங்ககிட்ட..." பேசிக்கொண்டே அவர் கை, பாவம், பழக்கதோஷம், மேஜையில் கிடந்த மவுஸ் பக்கம் நீண்டது.

"தொடாதீங்க!"

கூடமே அதிர்ந்தது. மேனேஜர் சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார்.

"யாரும் தொடக்கூடாது. செத்தவனைத் தூங்கவிட மாட்டீங்களா? உங்களுக்கெல்லாம் ஈவு இரக்கமே கிடையாதா?"

அவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் கட்டிக்கொண்டாள். எதிர்ச் சுவரில் அவர் பெயர் பச்சையாக எரிந்தது. யாரும் அசையவில்லை. சுருட்டை மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தாள். ஒரு கை நீட்டினால் போதும், அவர் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார், நாளைக்கும் இருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. மகள் காலையில் குட் மார்னிங் சொல்வாள். கை தானாக மேஜை மேல் வந்துவிட்டது. அதைத் திரும்ப இழுத்து மடியில் வைப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"ஏங்க," என்றாள் சுவரைப் பார்த்து, மெதுவாக. "வெறும் கொழுப்புக் கட்டிதானாம். ஒண்ணும் பயமில்லையாம்."

புள்ளி மஞ்சளாயிற்று.

மேனேஜரின் சட்டைப் பையில் மணி அடித்தது. அவர் அதை அவசரமாக அமுக்கினார். அது அடங்குவதற்குள் கண்ணாடிக்கடைக்காரியின் கைப்பையில் போன் அடித்தது. வீட்டிலிருந்து. எடுத்துக் காதில் வைத்தாள்.

"அம்மா!" மகளுக்கு மூச்சு வாங்கியது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "அப்பாது மஞ்சளாயிடுச்சும்மா! வேலைய நிறுத்திட்டாரா? வீட்டுக்குக் கிளம்பிட்டாரா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பெரிய கூடத்தில் அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லடா கண்ணு. அப்பா வரமாட்டார். இனிமே வரவே மாட்டார்" என்றாள். "நீ அந்த இடத்தை விட்டு எழுந்திரு. போய் அத்தை மடியில உக்காரு. அம்மா இதோ வந்துடறேன்."